புல்லைக் காய வைக்க இயந்திரம்: நமக்குக் கட்டுப்படியாகுமா?



கறவை மாடு வைத்திருக்கும் குழுக்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் போனால் ஒரே பேச்சுதான் எங்கள் காதில் விழுகிறது. "வரப்பு பூரா புல்லுங்க. அறுத்துப் போட்டா காய மாட்டேங்குது, கறுத்துப் போகுது. அதே சித்திரையில காசு கொடுத்தாலும் ஒரு கட்டு கிடைக்க மாட்டேங்குது." தீவனம் மிஞ்சுகிற மாதத்தில் வெயில் இல்லை. வெயில் அடிக்கிற மாதத்தில் தீவனம் இல்லை. மாடு வளர்ப்பில் நம் பெண்களின் பணம் அதிகமாகக் கரையும் இடம் இதுதான்.

இப்போது சில குழுக்களில் இன்னொரு கேள்வியும் வருகிறது. "பெரிய பெரிய பண்ணையில மெஷின் வச்சுப் புல்லைக் காய வைக்கிறாங்களாமே, கூட்டமைப்பு மூலமா கடன் போட்டு நாமும் ஒண்ணு வாங்கினா என்ன?" கடன் வாங்குவதற்கு முன்பே இப்படிக் கேட்பது நல்ல பழக்கம். அந்த இயந்திரம் என்ன வேலை செய்கிறது, அது யாருக்கு லாபம், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

உலர்புல் என்றால் வைக்கோல் இல்லை

நெல் அறுத்த பிறகு மிஞ்சுவது வைக்கோல். அதிலிருந்த சத்து மணிக்குப் போய்விடும். உலர்புல் அப்படியல்ல. பசுந்தீவனத்தைப் பூக்கும் பருவத்தில், சத்து நிறைந்திருக்கும்போதே அறுத்து, அந்தச் சத்து போகாமல் காய வைத்து எடுப்பதுதான் உலர்புல். வேலிமசால், குதிரைமசால், காராமணி, கொழுக்கட்டைப் புல் போன்ற மெல்லிய தண்டுள்ள தீவனங்கள் இதற்கு ஏற்றவை. கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் போன்ற தடித்த தண்டுப் புல் மழைக்காலத்தில் சீக்கிரம் காயாது. அதை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூட்டையிலோ குழியிலோ அழுத்தி, ஊறுகாய்ப் புல்லாகப் போடுவதே நல்லது.

பசும்புல்லில் 100க்கு 75 முதல் 85 பங்கு தண்ணீர்தான். போர் வைக்க வேண்டுமானால் இந்த ஈரம் 15க்குக் கீழே வர வேண்டும். இந்த வேலை எவ்வளவு வேகமாக, எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் புல்லின் தரம் அமையும்.

சத்து எந்த வழியில் போகிறது?

முதல் வழி: அறுத்த உடனே புல் செத்துவிடுவதில்லை. ஈரம் 40 பங்குக்குக் கீழே இறங்கும் வரை அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மூச்சு விட விட அதிலுள்ள சர்க்கரை எரிந்து தீரும். அறுத்த புல்லைக் குவியலாக விட்டுவிட்டு மறுநாள் கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கிறதே, அது இந்தச் சர்க்கரை எரிகிற சூடுதான். மாட்டுக்குப் போக வேண்டியது வீணாகப் போகிறது. அதனால் முதல் கட்டத்தில் புல் வேகமாக வாட வேண்டும்.

இரண்டாவது வழி: மசால், காராமணி போன்ற பயறு வகைத் தீவனத்தில் இலை சீக்கிரம் காயும், தண்டு மெதுவாகக் காயும். தண்டு காயட்டும் என்று வெயிலிலேயே போட்டு வைத்தால் இலை மொறுமொறுவென்று ஆகி, புரட்டும்போதும் கட்டும்போதும் உதிர்ந்துவிடும். குதிரைமசாலில் உள்ள புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இலையில்தான் இருக்கிறது. இலை களத்தில் கிடக்க, நாம் குச்சியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறோம். பிறகு "காய்ஞ்ச மசால் போட்டும் பால் ஏறலையே" என்றால் எப்படி ஏறும்?

மூன்றாவது வழி: கடும் வெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் பச்சை நிறம் வெளுக்கும். பச்சை போனால் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் போனது என்று அர்த்தம். பாதி காய்ந்த புல்மேல் மழை பெய்தால் கரையக்கூடிய சத்தும் கழுவிப் போகும்.

ஆக, முதலில் வேகம் வேண்டும். கடைசியில் நிதானம் வேண்டும். பெரிய பண்ணைகளில் இயந்திரத்தை வைத்துச் செய்வதும் இதைத்தான்.

பெரிய பண்ணைகளில் எப்படிச் செய்கிறார்கள்?

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற மலைநாடுகளில் கோடையிலும் அடிக்கடி மழை பெய்யும். நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் கிடைப்பது சிரமம். அதனால் அங்குள்ள பல பால் பண்ணைகள் புல்லை வயலில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வாட்டுகின்றன. அறுக்கும்போதே உருளை வைத்துத் தண்டை நசுக்கிவிடுவதால் தண்டும் இலையும் சேர்ந்து வாடும். பாதி ஈரத்தோடு அள்ளிக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். அப்போது இலை இன்னும் துவண்டு இருப்பதால் உதிராது.

கொட்டகையின் தரை இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த தளம். அதன் கீழே பெரிய மின்விசிறி காற்றை ஊதும். புல்லைக் கெட்டியாக அமுக்காமல், அடுக்கு அடுக்காகப் பரப்புவார்கள். காற்று கீழிருந்து மேலே புல்லுக்குள் நுழைந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும்.

அந்தக் காற்றைச் சூடாக்க எரிபொருளை மட்டும் நம்புவதில்லை. கொட்டகைக் கூரைக்குக் கீழே இன்னொரு தட்டி அடித்து, இரண்டுக்கும் நடுவே காற்றை இழுத்து வருவார்கள். வெயிலில் காய்ந்த கூரை அந்தக் காற்றைச் சில டிகிரி சூடாக்கிவிடும். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 25 டிகிரியில் 80 பங்கு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 45 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதே காற்றுக்கு இப்போது தாகம் அதிகம். சில பண்ணைகளில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராக வடித்துவிடும் இயந்திரமும் உண்டு.

இன்னொரு வகை, சுழலும் பெரிய உருளை உலர்த்தி. ஸ்பெயின் நாட்டில் எப்ரோ ஆற்றுச் சமவெளியில் குதிரைமசாலை ஆலைக்குக் கொண்டு போய் இப்படி உலர்த்துகிறார்கள். பல நூறு டிகிரிச் சூட்டுக் காற்றில், சில நிமிடங்களில் காய்ந்து பச்சை மாறாமல் வெளியே வரும். பிறகு கட்டாகவும் குச்சித் தீவனமாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. இவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தும் அவர்கள் முதலில் வயலில் வாட்டித்தான் கொண்டு வருகிறார்கள். காரணத்தைக் கணக்கே சொல்லும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 கிலோ பசும்புல்லில் 80 கிலோ தண்ணீர், 20 கிலோ உலர்ந்த பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 15 பங்காகக் காய்ந்தால் நமக்குக் கிடைப்பது சுமார் 23½ கிலோ உலர்புல். வெளியேற வேண்டிய தண்ணீர் 76½ கிலோ.

ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, கொஞ்சமும் வீணாகாமல் இருந்தால்கூட, 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தேவை. எல்லாத் தண்ணீரையும் மின்சூட்டிலேயே விரட்டினால் 52 யூனிட். அதாவது ஒரு கிலோ உலர்புல்லுக்கு 2 யூனிட்டுக்கு மேல். நடைமுறையில் சூடு வீணாவதால் இன்னும் கூடும்.

அதே புல்லை வெயிலில் 40 பங்கு ஈரம் வரை வாட்டிவிட்டால், 100 கிலோ 33 கிலோவாகக் குறைந்துவிடும். 67 கிலோ தண்ணீரைச் சூரியன் காசு வாங்காமல் எடுத்துவிட்டது. மிச்சம் எடுக்க வேண்டியது 10 கிலோ தண்ணீர் மட்டுமே. அதற்கு 7 யூனிட் போதும். ஒரு கிலோ உலர்புல்லுக்குக் கால் யூனிட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஒரு கிலோ கடலைக்கொடியோ சோளத்தட்டோ என்ன விலை என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். இயந்திரத்தின் விலை, அதற்கான வட்டி, பழுது செலவு எல்லாம் இதற்கு மேல்.

அவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

அங்கே பாலின் விலை வேறு. சுவிட்சர்லாந்தின் குருயேர், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளுக்குப் பால் கொடுக்கும் மாடுகளுக்கு ஊறுகாய்ப் புல் போடக்கூடாது என்பது விதி. ஊறுகாய்ப் புல்லிலிருந்து வரும் சில நுண்ணுயிர்கள் கட்டியை மாதக்கணக்கில் பதப்படுத்தும்போது உப்பிக் கெட வைக்கும். ஆகவே அந்தப் பண்ணைகளுக்கு நல்ல உலர்புல் தவிர வேறு வழி இல்லை. ஆஸ்திரியாவில் உலர்புல் தின்னும் மாட்டின் பாலை "உலர்புல் பால்" என்றே தனியாக விற்கிறார்கள். 2016ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாரம்பரியச் சிறப்புப் பொருள் என்ற பதிவும் கொடுத்தது. அந்தப் பாலுக்குக் கூடுதல் விலை உண்டு. இயந்திரத்தின் கடனை அந்தக் கூடுதல் விலை கட்டுகிறது.

நம் பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் பார்த்துத்தான் விலை. மாட்டுக்கு என்ன தீவனம் போட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல நார்த்தீவனம் குறையாமல் கிடைத்தால் கொழுப்பு குறையாமல் இருக்கும், அடர்தீவனச் செலவும் கொஞ்சம் மிஞ்சும். அது நமக்கு லாபம்தான். ஆனால் இரண்டு மாட்டுக்கு வரும் அந்த லாபத்தை நம்பி இயந்திரத்துக்குத் தவணை கட்ட முடியாது. "மாடு சம்பாதிக்குது, மெஷினு தின்னுது" என்ற கதையாகிவிடும்.

முறையை எடுத்துக்கொள்வோம்

இயந்திரம் வேண்டாம், அதன் முறை வேண்டும். வெயிலில் வேகமாக வாட்டி, நிழலில் நிதானமாகக் காய வைப்பதுதான் அந்த முறை.

1. மசால், காராமணியைப் பூ விடத் தொடங்கும்போது, இரண்டு மூன்று நாள் மழை இருக்காது என்று வானிலைச் செய்தி சொன்ன பிறகு அறுங்கள். காலையில் பனி உலர்ந்த பின் அறுத்தால் அன்றைய வெயில் முழுதும் கிடைக்கும்.

2. குவிக்காமல் மெல்லியதாகப் பரப்புங்கள். முதல் நாளில் இரண்டு மூன்று முறை புரட்டுங்கள். அப்போது இலை துவண்டிருக்கும், உதிராது. தண்டு தடிப்பாக இருந்தால் புல் நறுக்கும் இயந்திரத்தில் நறுக்கிப் பரப்பினால் சீக்கிரம் வாடும்.

3. அறுத்தவுடன் 10 கிலோ எடையில் ஒரு அடையாளக் கட்டை நிறுத்து, லேசாகக் கட்டி, மற்றப் புல்லோடு சேர்த்தே காயப் போடுங்கள். அது 3½ முதல் 4 கிலோவுக்கு வந்துவிட்டால் வெயில் போதும். நிழலுக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது.

4. நிழலில் தரையில் போடக்கூடாது. மூன்று மூங்கிலை முக்காலியாக நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி, அதன் மேல் புல்லைத் தளர்வாகப் போடுங்கள். உள்ளே காலியாக இருப்பதால் காற்று ஓடும். மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள், பக்கங்களை மூட வேண்டாம். மாட்டுக்கொட்டகையின் ஒரு ஓரத்தில் மூங்கில் பரண் கட்டியும் இதைச் செய்யலாம்.

5. இந்தக் கட்டத்தில் புல்லைத் தொட வேண்டியிருந்தால் அதிகாலையில் தொடுங்கள். பனியில் இலை கொஞ்சம் இளகியிருக்கும். கீழே சாக்கு விரித்துக்கொண்டால் உதிர்ந்த இலையும் நமக்கே.

விசிறி வைக்கலாமா? உப்பைக் கேளுங்கள்

கொட்டகையில் ஏற்கெனவே மின்விசிறி இருந்தால், பரணுக்குக் கீழே காற்றைத் திருப்பிவிடலாம். ஆனால் எப்போது போடுவது என்று தெரிய வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70 பங்குக்கு மேல் போனால் வெறும் விசிறியால் புல்லை 15 பங்கு ஈரத்துக்குக் கொண்டுவர முடியாது. மழைக்கால இரவில் விசிறி போட்டால் காய்ந்த புல் மறுபடி ஈரத்தைக் குடிக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளக் கருவி வாங்க வேண்டியதில்லை. அடுப்படியில் திறந்து வைத்த உப்பைப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 பங்கைத் தாண்டினால் உப்பு கசிய ஆரம்பிக்கும். உப்பு கசிகிற நேரத்தில் விசிறிக்கு வேலை இல்லை. மதியம் 11 மணியிலிருந்து 3 மணிக்குள், உப்பு உதிரியாக இருக்கும்போது போடுங்கள். புல் உள்ளே சூடேறினால் மட்டும் நேரம் பார்க்காமல் போடலாம், பிரித்தும் போட வேண்டும்.

காய்ந்ததா, இல்லையா?

அடையாளக் கட்டு 2½ கிலோ அளவுக்கு வந்திருக்க வேண்டும். புல் ரொம்ப இளசாக இருந்தால் இன்னும் குறையும், முற்றலாக இருந்தால் கொஞ்சம் கூடும். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து முறுக்கினால் தண்டு முறிய வேண்டும், சாறு கசியக்கூடாது. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகே போர் போடுங்கள்.

அவசரப்பட்டுப் போர் போட்டால் என்ன ஆகும்? ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகிப் போருக்குள் சூடு ஏறும். ஒரு இரும்புக் கம்பியைப் போருக்குள் நடுவரை சொருகி கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்து. சூடு மேலும் ஏறினால் நெருப்பே வைக்காமல் போர் தானாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஆள் துணையோடு மட்டுமே பிரியுங்கள்.

பூஞ்சை பிடித்ததை "மாடுதானே" என்று போட வேண்டாம்

தீவனத்தில் சில வகைப் பூஞ்சை வளர்ந்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். மாடு தின்றால் அது பாலுக்கு வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019ல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88. இது கலப்படம் செய்து வருவதல்ல, தீவனம் வழியாக வருவது. கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் போன்றவற்றில் இந்த ஆபத்து அதிகம். ஈரத்தில் கெட்ட உலர்தீவனத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். அந்தப் பாலை முதலில் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பூஞ்சைத் தூசி நம் நுரையீரலுக்கும் கேடு. கொட்டகை வேலையில் முக்கால்வாசி பெண்கள் கையில்தான் இருக்கிறது. பழைய போரைப் பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

யாராவது இயந்திரம் விற்க வந்தால்

கூட்டமைப்பாகச் சேர்ந்து உலர்த்தி வாங்குவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. முருங்கைக் கீரை, மிளகாய், கொப்பரை போன்ற விலையுள்ள பொருளை வருஷம் பூரா உலர்த்தும் குழுவுக்கு அது பயன்படலாம். புல்லுக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். தீர்மானம் எழுதுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ தண்ணீரை வெளியேற்றும்? "எத்தனை கிலோ புல் போடலாம்" என்ற பதில் போதாது.
• அதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் அல்லது எத்தனை கிலோ விறகு ஆகும்?
• ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிய இயந்திரத்தை எந்த ஊரில் போய்ப் பார்க்கலாம்?
• பழுதானால் யார் வருவார்கள், எத்தனை நாளில்?
• புல் இல்லாத மாதங்களில் இதில் எதை உலர்த்துவோம், யார் வாங்குவார்கள்?
• ஒரு மாதத் தவணையைக் கட்ட எத்தனை கிலோ உலர்புல் விற்க வேண்டும்?

இதில் ஒன்றுக்காவது சரியான பதில் வரவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். நம் சேமிப்பு நாம் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்த்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டட்டும். மாடு வைத்திருக்கும் உறுப்பினர்களில் இருவர் ஒரு முக்காலி கட்டி, 10 கிலோ அடையாளக் கட்டோடு செய்து பாருங்கள். எடையை நாள்வாரியாக நோட்டில் எழுதி, எங்கள் களப்பணியாளர் வரும்போது காட்டுங்கள். எந்தப் புல் எத்தனை நாளில் காய்ந்தது என்று பத்து ஊர்க் கணக்கு சேர்ந்தால், வருகிற மழைக்காலத்துக்கு நம் கூட்டமைப்பே தன் உறுப்பினர்களுக்கு வழி சொல்லலாம்.